பிரேக் அக்காவின் மடியில் ஒரு கேக்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி, இன்றுவரை வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். அதைச் சொல்ல மாட்டார்கள். எனக்கு வைத்த பட்டப்பெயரை மட்டும் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிவார்கள். பிரேக் அக்கா.

பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் நாம் அழுத்தி வண்டியை நிறுத்தலாம். சிலர் அதை ஆபத்து வந்தால் அழுத்துவார்கள். நான், ஆபத்து வரலாமா என்று யோசிக்கும்போதே அழுத்திவிடுவேன். அதனால்தான் இத்தனை வருடத்தில் என் வண்டி ஒரு குப்பைத் தொட்டியைக்கூட இடித்ததில்லை.

ஒரே ஒருத்திக்கு மட்டும் என்னால் கற்றுக்கொடுக்க முடியவில்லை. நான் பெற்ற மகளுக்கு. போலீஸ்காரன் பிள்ளை திருடன், வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இவள் மக்கும் இல்லை, நர்சிங் படிப்பில் வகுப்பிலேயே முதல் ஆள். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து நாலு நாள் ஓட்டினாள். நாலாம் நாள் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, சாவியை உருவி என் மடியில் போட்டுவிட்டு, வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். மறுவாரம் சந்தைத் தெருவில் இருக்கிற இன்னொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஊருக்கே நான் கற்றுக்கொடுக்கிறேன், என் மகள் போட்டிக்காரரிடம் காசு கட்டிப் படிக்கிறாள். அந்த மனிதர் என்னைச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடியை இறக்கி, "பொண்ணு நல்லா ஓட்டுது மேடம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்குப் பிறகு எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்றுபோகவில்லை. "சாப்பிட்டியா", "தண்ணி வருதா", "கதவச் சாத்து" என்ற அளவுக்கு இருந்தது. வீட்டில் பேச்சு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள அது போதும். எனக்குப் போதவில்லை.

இந்த நிலையில்தான் டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "மனசுக்குப் பிடிச்ச பொழுதுபோக்கு எதுவும் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"இருக்கு சார், கத்துறது" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். நாள் முழுக்க வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் இப்படித்தான்.

இந்தச் செய்தி அவருடைய தங்கையின் காதுக்குப் போயிற்று. என் நாத்தனாருக்கு நல்ல மனசு, ஆனால் அந்த நல்ல மனசில் நாலு ஊசி செருகியிருக்கும். என் பிறந்தநாளுக்கு ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டிவிட்டு வந்து நின்றாள். வீட்டிலேயே கேக் அலங்காரம் கற்றுக்கொள்ளும் பத்திரிகை. வாரம் ஒரு இதழ், இதழோடு பிளாஸ்டிக் உறையில் ஒரு சாமான்.

"அண்ணி, இதுக்குக் கை பதறாம இருக்கணும், நிதானம் வேணும். உங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

குத்தலா, பாசமா என்று கண்டுபிடிப்பதற்குள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். நானும் விடுவதாக இல்லை. அந்தப் பத்திரிகையில் இருக்கிற அத்தனை கேக்கையும் செய்து அவள் வாயில் வைத்துத் திணிப்பது என்று முடிவுசெய்தேன்.

முதல் இதழில் ஒரு நாசில் வந்தது, கிரீம் பிழிகிற பையின் நுனியில் மாட்டும் சின்னத் தகரக் கூம்பு. இரண்டாவதில் பை. மூன்றாவதில் கிரீம் தடவும் தட்டைக் கத்தி. அதுவரை சரி. அதற்கப்புறம் கேக்கை வைத்துச் சுற்றுகிற தட்டு வரும் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். வந்தது. வெறும் கால் மட்டும். சந்தா அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"மேல் தட்டு இன்னும் ரெண்டு மாசத்துல வரும் மேடம்" என்றது ஒரு பெண் குரல்.

"அதுவரைக்கும் எதைச் சுத்துறது? என் தலையையா?"

"படிப்படியாத்தான் கத்துக்கணும் மேடம்."

நான் ஒருத்தனுக்கு இந்த மாதம் ஸ்டியரிங்கும் அடுத்த மாதம் சக்கரமும் கொடுத்தால் சும்மா விடுவானா? கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டது. சிரிக்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

பத்திரிகைக்காரர்கள் முதலில் அலங்காரம்தான் சொல்லிக்கொடுத்தார்கள், கேக் சுடுவதற்கு வரவே இல்லை. அதனால் சமையலறையில் இருக்கும் பெரிய குண்டானைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் பட்டர் கிரீமைத் தடவிப் பழகினேன். தடவுவேன், வழிப்பேன், மறுபடி தடவுவேன். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"குண்டானுக்கு என்ன விசேஷம்? பிறந்தநாளா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

தடவுவது வந்துவிட்டது. பூதான் வரவில்லை. கிரீமைப் பிழிந்து ரோஜா போட வேண்டும். படத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிற ரோஜா என் கையில் வரும்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் நீளமாக ஒரு வால் நீட்டிக்கொண்டு நின்றது.

"எலி நல்லா வந்திருக்கு" என்றார் இவர்.

பையைக் கோபத்தில் ஒரு அழுத்து அழுத்தினேன். நாசில் கழன்று பறந்து சுவரில் அடித்தது, பின்னாலேயே கிரீமும். இரண்டு கையும் பிசுபிசுவென்று, கண்ணாடி நெற்றிக்கு ஏறி, இதழின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எங்கே தப்பு என்று படிக்கவும் முடியாமல் நின்றேன். சாப்பாட்டு மேசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள். இதழை என் கையிலிருந்து வாங்கித் துடைத்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், சத்தமாக வாசித்தாள்.

"'அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். பூ முடியும் இடத்தில் முதலில் அழுத்துவதை நிறுத்தவும். அதன் பிறகே பையை மேலே தூக்கவும்.'" நிமிர்ந்து பார்த்தாள். "நீ தூக்கும்போதும் அழுத்திக்கிட்டே இருக்கம்மா. அதான் வால் வருது."

"எனக்குத் தெரியும்."

"சரி. இன்னொண்ணு போடு."

போட்டேன். வால். இன்னொன்று போடு என்றாள். அதற்கும் வால். இதோ இப்போது கத்துவாள் என்று என் தோள்பட்டை தானாக இறுகியது. இத்தனை தடவை சொன்ன பிறகு நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. பக்கத்தை இன்னொரு தரம் முதலிலிருந்து வாசித்தாள். அவ்வளவுதான். எத்தனையாவது பூவோ, வால் இல்லாமல் வந்து குண்டான்மேல் உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கினேன் என்று சொல்லவும் வழியில்லை, சர்க்கரையும் வெண்ணெயும்தான் மேசையில் இருந்தன.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் ஒரு இதழ் வரும். அவள் வாசிப்பாள், நான் செய்வேன். மாவு கலந்து கேக் சுட வந்தபோது, நடுவில் குழி விழுந்த முதல் கேக்கை மூன்று பேரும் கரண்டியால் தோண்டித் தின்றோம். பேச்சு தண்ணீர், கதவைத் தாண்டி வந்தது. அவள் வேலை தேடுகிற கதையெல்லாம் அந்த மேசையில்தான் எனக்குத் தெரிந்தது.

வேலை கிடைத்தும் விட்டது, ஆனால் முழுசாக இல்லை. நடக்க முடியாமல் படுத்திருக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற நர்ஸ் வேலை. ஆஸ்பத்திரியே கார் கொடுக்கும். மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கும் பெண்ணுக்குப் போய்விடும். இவளோ அதற்குள் இரண்டு தடவை டெஸ்டில் தோற்றிருந்தாள். மூன்றாவது டெஸ்டுக்கு நாள் வாங்கியிருந்தாள். "ஸ்கூல் வண்டியில நல்லா ஓட்டுறேம்மா. ஆபீசர் பக்கத்துல வந்து உக்காந்தா எல்லாம் போயிடுது" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று கேட்க எனக்கு நாக்கு வரை வந்தது. கேட்டால் எங்கே போய் முடியும் என்று தெரியும், விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். மண்டபம் பிடித்து, சொந்தம் எல்லாரையும் கூப்பிட்டிருந்தாள்.

"கேக் கடையில சொல்லல அண்ணி. நீங்கதான். சந்தா நான் கட்டினது, வட்டி வேணாமா?"

வாய் இருக்கிறதே அவளுக்கு. சரி என்றேன். அடுக்கு இரண்டு. கீழே பெரியது, மேலே சின்னது, இரண்டுக்கும் நடுவே வளையமாக ரோஜா. இரண்டு நாள் லீவு போட்டுச் செய்தேன். ஒரு எலிகூட இல்லை. செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, இது என் கை செய்ததுதானா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

செய்த பிறகுதான் அடுத்த கவலை. இதை ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் மண்டபத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? நாற்காலி போட இவர் காலையிலேயே போய்விட்டார். வீட்டில் இருந்தது நானும் மகளும், என் பயிற்சி வண்டியும்.

"நான் மடியில வச்சுக்கிறேன், நீ ஓட்டும்மா" என்றாள்.

"உனக்கு எங்க பிடிக்கணும்னு தெரியாது. கீழ் அடுக்கு எந்தப் பக்கம் சாயுதுன்னு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப டாக்சி?"

"இந்த ஊர் டாக்சிக்காரன் வளைவுல எப்படித் திரும்புவான்னு எனக்குத் தெரியாதா? பாதிப் பேருக்கு நான்தான சொல்லிக்குடுத்தேன்."

அவள் சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள்.

"நான் ஓட்டுறேன்" என்றாள்.

கற்றுக்கொள்கிறவள்தான், பக்கத்தில் நான் இருந்தால் சட்டப்படி ஓட்டலாம். அது இல்லை விஷயம். அந்தச் சாவியை அவள் என் மடியில் போட்டுவிட்டுப் போனதற்கப்புறம் இன்றுதான் தொடுகிறாள். மூன்று நாளில் அவளுக்கு டெஸ்ட். இன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தப்பு நடந்தால், அந்த டெஸ்டுக்கே போக மாட்டாள், எனக்கு என் மகளைத் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, கேக்கை அட்டையோடு மடியில் வாங்கிக்கொண்டேன்.

நன்றாக ஓட்டினாள். சொல்ல எனக்கே பொறாமையாக இருக்கிறது. தெருமுனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்பினாள். மேம்பாலத்து ஏற்றத்தில் சிக்னல் விழுந்து, நிறுத்தி எடுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் என்னிடம் படித்த ஆம்பிளைகள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். இவள் வண்டியை ஒரு சாண்கூடப் பின்னால் உருளவிடாமல் எடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கேக் அசையவில்லை. ரோஜாக்களை எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மேம்பாலம் இறங்கிக் கடைவீதிக்குள் நுழைந்தோம். ஓரத்தில் நின்றிருந்த ஒரு வேனின் கதவு கொஞ்சம் திறந்தது. அடுத்த நொடி வண்டி குலுங்கி அப்படியே நின்றது. பின்னாலிருந்தவன் ஹாரனை அமுக்கினான். மேல் அடுக்கு முன்னால் நழுவி, முன்வரிசை ரோஜா அத்தனையும் எதிரே இருந்த டேஷ்போர்டில் போய் அப்பிக்கொண்டது.

"ஏன்டி இப்படி பிரேக் போட்ட?" என்று கத்தினேன். சத்தியம் காற்றில் போயிற்று.

அவள் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போடலம்மா."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் பிரேக்கின்மேல் இருந்தது. இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

கால் தானாகப் போயிருக்கிறது. நான் அனுப்பவில்லை. அவள் வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். அப்புறம் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். கிரீம் பிழிகிற பக்கத்தை எனக்கு வாசித்துக்காட்டினாளே, அதே குரலில் சொன்னாள்.

"அந்தக் கதவ நான் பாத்துட்டேம்மா. வேகத்தக் குறைச்சுட்டுத்தான் வந்தேன். நீ எப்ப அழுத்துவன்னு எனக்குத் தெரியாது. அதனால ரோட்டப் பாக்கிறதவிட உன் காலத்தான் பாத்துப் பழகிட்டேன். ஸ்கூல்ல அந்த சார் கால நீட்டிட்டுத் தூங்கிடுவாரு, அப்ப நல்லா ஓட்டுவேன். டெஸ்ட்ல ஆபீசர் கால் லேசா அசைஞ்சாப் போதும், என்ன தப்பு பண்ணிட்டோம்னு மனசு அங்க போயிடும். ரெண்டு தடவையும் அப்படித்தான் போச்சு."

நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அழுத்திய பிரேக், நான் இல்லாத வண்டியிலும் அவள்கூடப் போயிருக்கிறது. நான் செய்தது சரி என்று சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் தெரியும். அன்றைக்கு ஒன்றையும் எடுக்கவில்லை.

"இதக் கொஞ்சம் பிடி" என்று கேக்கை அவள் பக்கம் நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். நான் செருப்பைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்தேன். இரண்டு காலையும் மேலே தூக்கி மடக்கி, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என் வயசுக்கும் உடம்புக்கும் அந்தச் சீட்டில் அது லேசான காரியம் இல்லை. இப்படி உட்காரலாமா, சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம், எல்லாருக்கும் பாடம் நடத்துகிறவள் நான். கேக்கைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னம்மா பண்ற?" என்றாள். சிரிப்பும் பயமுமாக இருந்தது முகம்.

"எடு வண்டிய."

எடுத்தாள். பிரேக் இப்போது அவள் காலடியில் மட்டும்தான். எதுவானாலும் நிறுத்த வேண்டியவள் அவள் ஒருத்திதான். கடைவீதியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது, என் வலது கால் தொடைக்கு அடியில் துடித்தது, அவள் பதறாமல் நிறுத்தி வழிவிட்டாள். ரவுண்டானாவில் மறுபடி துடித்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தடவையாவது என் பக்கம் கண் வருகிறதா என்று நான்தான் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ரோட்டிலேயே இருந்தது கண்.

மண்டபத்து வாசலில் வண்டி நின்றபோது என்னால் இறங்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் மரத்துப்போய்விட்டன. அவள் சுற்றி வந்து முதலில் கேக்கை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள், அப்புறம் வந்து என்னை வாங்கினாள். பாட்டி மாதிரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி மண்டபத்துக்குள் போனேன். எதிரே வந்த இவர் என்னையும் பார்த்தார், டேஷ்போர்டையும் எட்டிப் பார்த்தார்.

"வண்டிக்கும் அலங்காரம் பண்ணிட்டியா?" என்றார்.

சமையல்கட்டில் ஒரு மூலை பிடித்து, தட்டைக் கத்தியால் மேல் அடுக்கைத் தள்ளி நேராக்கினேன். மீதிக் கிரீம் வைத்த பையை மகள் மறக்காமல் எடுத்து வந்திருந்தாள். பையை வாங்கிப் பிடித்தேன். "மொதல்ல அழுத்துறத நிறுத்து, அப்புறம் தூக்கு" என்று மெதுவாகச் சொன்னாள், இதழ் இல்லாமலே. புது ரோஜாக்கள் பழசைவிடக் கொஞ்சம் பெரிசாகப் போயின. கேக் வெட்டும்போது நாத்தனார் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கப் பூ மட்டும் இன்னும் நல்லாருக்கே அண்ணி" என்றாள். அதில் ஊசி இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

டெஸ்ட் அன்று நான் கூடப் போகவில்லை. வகுப்புகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தபாலில் அந்த வாரத்து இதழ் வந்தது. பிரித்தால், 'கேக்கைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்வது எப்படி' என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டு ஒருபோதும் போகக் கூடாது, காரின் சமமான தரையில் வைக்க வேண்டும் என்று கொட்டை எழுத்தில். சந்தா அலுவலகத்துப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை கேட்கலாம் என்று போனை எடுத்தேன். எண்ணைப் போடவில்லை. போன வாரமே இது வந்திருந்தால் நான்தான் ஓட்டிக்கொண்டு போயிருப்பேன்.

மத்தியானம் கதவு திறந்தது. மகள் உள்ளே வந்து பையை மேசையில் வைத்தாள். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் குடித்தாள், டம்ளரை வைத்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்த ஆபீசர் கால்..." என்று ஆரம்பித்தேன்.

"அவர் ஷூ என்ன கலர்னுகூட எனக்குத் தெரியாதும்மா" என்றாள். அப்புறம்தான் சிரித்தாள். "பாஸ்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கேக்குக்குச் சலித்துக்கொண்டிருந்த மாவு என் கையில் இருந்தது, அவள் சட்டை முதுகெல்லாம் மாவாயிற்று. சுவரில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு, "வா, சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றாள்.

வாசலில் வண்டி நின்றது. அவள் ஓட்டுகிற பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை என் மடியில் கேக் இல்லை. நான் செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டுவிட்டு ஏறினேன்.